குதிரைக்குட்டி கொழுகொழுவென்று இருந்துதான் ஆக வேண்டுமா?

பிப்ரவரி 9, காலை

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “என் குட்டிக்கு மூன்றரை மாதம். தாய்ப்பால் போக, காலையும் மாலையும் ஓட்ஸும் தவிடும் வயிறு முட்டக் கொடுக்கிறேன். பளபளவென்று இருக்கிறது. பார்க்கிறவர்கள் ஐந்து மாதக் குட்டியா என்கிறார்கள். எலும்பு பலப்பட வேண்டுமானால் இந்த வயதிலேயே கொழுக்க வைக்க வேண்டும் என்பது சரிதானே?”

சரியில்லை. சதை ஏறுவது வேறு, எலும்பு தேறுவது வேறு. சதை சீக்கிரம் ஏறிவிடும், எலும்பு அதன் போக்கில்தான் வரும். இடையில் மாட்டிக்கொள்வது கால்.

ஆறு வருடத்துக்கு முன் இதே பெருமை எனக்கும் இருந்தது. ஒரு பெண்குட்டி. நாலாவது மாதம் முடிகிற சமயம், படுத்து எழும்போது கொஞ்சம் யோசித்து எழ ஆரம்பித்தது. சோம்பல் என்று நினைத்தேன். ஒரு நாள் காலைக் கழுவிவிடும்போதுதான் பார்த்தேன்: குளம்புக்கு மேலே வரும் முதல் மூட்டு, நான்கு காலிலும், உடுக்கை மாதிரி இருந்தது. மேலும் கீழும் புடைப்பு, நடுவில் ஒடுக்கம். டாக்டர் வந்து அந்தப் புடைப்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். குட்டி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. எலும்பின் நுனியில் இன்னும் குருத்தாக இருக்கும் பகுதியில்தான் வளர்ச்சி நடக்கிறது. மேலே எடை ஏறிக்கொண்டே போக, அந்தக் குருத்து வீங்கி வலிக்கிறது. தானியத்தை நிறுத்தச் சொன்னார். காய்ந்த புல்லும், தாதுச் சத்துக்கு மட்டும் ஒரு கைப்பிடித் தீவனமும். சரியாக ஏழெட்டு வாரம் ஆனது.

பிப்ரவரி 9, இரவு

“அப்படியானால் பட்டினி போடச் சொல்கிறீர்களா?” என்று கேள்வி வந்திருக்கிறது. எங்கே சொன்னேன்?

பட்டினி போட்டு, அப்புறம் திடீரென்று தீனியை ஏற்றினால் அது இன்னும் மோசம். நின்று போன வளர்ச்சி ஒரேயடியாகப் பாயும்போதும் இதே மூட்டுத் தொல்லைதான் வரும். வளர்ச்சி ஒரே சீராகப் போக வேண்டும், அவ்வளவுதான். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, ஆனால் உள்ளங்கையால் தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். நான் பார்ப்பது அது ஒன்றைத்தான்.

கணக்கு வேண்டுமென்றால்: வளர்ந்தால் 500 கிலோ வரக்கூடிய இனத்தில் குட்டி பிறக்கும்போது 50 கிலோ அளவில் இருக்கும். முதல் மாதம் ஒரு நாளைக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ வரை ஏறும். தாய்ப்பால் மட்டும் குடித்தே இவ்வளவும் ஏறுகிறது. ஒரு வயதில் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வந்துவிடும், எடையோ மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் இருக்கும். அதனால் ஒரு வயதுக் குட்டி காலும் கையுமாக, ஒல்லியாக, அசிங்கமாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். நாமும் பதினைந்து வயதில் அப்படித்தான் இருந்தோம்.

பிப்ரவரி 10

தவிட்டைப் பற்றிக் காலையில் தனியாகக் கேட்டார்கள். அதை நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைப் போல எட்டு மடங்குக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. குட்டிக்கு வேண்டியது நேர் எதிர்: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு. பாஸ்பரஸ் மிஞ்சினால் உடம்பு சும்மா இருக்காது. ரத்தத்தில் கால்சியம் குறைகிறதே என்று எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். எடுத்த இடம் பொலபொலத்துப் போகும். நாள்பட்டால் முகத்து எலும்பு இரண்டு பக்கமும் உப்பி, குதிரையின் முகமே பெட்டி மாதிரி ஆகிவிடும். எலும்புக்கு என்று நினைத்துத் தவிட்டைக் கொட்டுகிறவர்கள் எலும்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குதிரைமசால் என்ற தீவனப் பயிர் இதற்கு நேர் மாறு, அதில் கால்சியம் அதிகம். பெயரிலேயே குதிரை இருக்கிறது, ஆனாலும் நம் ஆட்கள் தவிட்டைத்தான் தேடுகிறார்கள்.

பிப்ரவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

தவிடு விஷம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வளர்ந்த குதிரைக்கு எப்போதாவது ஒரு வேளை கொடுத்தால் ஒன்றும் ஆகாது. அதையே தினப்படித் தீவனமாக்குவதுதான் தப்பு.

பிப்ரவரி 18

என் பெட்டைக்கு நாள் நெருங்குகிறது. சராசரியாக 340 நாள் சுமக்கும். நேற்று 338. அதற்கு நாட்காட்டி தெரியாது என்பதால் நான்தான் தூக்கம் கெட்டு அலைகிறேன். காம்பு நுனியில் மெழுகுத் துளி மாதிரி சீம்பால் உறைந்து நிற்கிறது. இது வந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் ஈன்றுவிடும், சில பெட்டைகள் ஒரு வாரம்கூட ஏமாற்றும்.

குட்டியின் ஆரோக்கியம் பிறந்த பிறகு தொடங்குவதில்லை. ஈனுவதற்கு நாலிலிருந்து ஆறு வாரம் முன்னால் தாய்க்குத் தடுப்பூசி போட வேண்டும். காரணம் இருக்கிறது. குதிரையின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் பொருள் குட்டிக்குப் போவதே இல்லை. நம் பிள்ளைகள் கருவிலேயே கொஞ்சம் வாங்கிக்கொண்டு வருகின்றன. குதிரைக்குட்டி வெறுங்கையோடு வருகிறது. அதற்கு வேண்டிய மொத்தமும் அந்தச் சீம்பாலில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 21, விடிகாலை 4.40

வந்துவிட்டது. ஆண்குட்டி. கை நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2.05க்குப் பிறந்தது. 2.50க்கு நின்றது. அதற்கு முன் நாலு தடவை விழுந்தது. அப்புறம் தாயின் முழங்கையை உறிஞ்சியது, சுவரை உறிஞ்சியது, என் சட்டைப் பொத்தானை உறிஞ்சியது, கடைசியில் 3.45க்குக் காம்பு. நஞ்சுக்கொடி 3.20க்கே விழுந்துவிட்டது.

பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் நிற்கணும், இரண்டு மணி நேரத்துக்குள் பால், மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி. இந்த மூன்றில் எது தவறினாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம், டாக்டரை எழுப்புங்கள்.

பிப்ரவரி 21, மதியம்

தூங்கி எழுந்துவிட்டேன்.

நஞ்சுக்கொடியை உடனே புதைத்துவிடாதீர்கள். தரையில் விரித்துப் பாருங்கள். இரண்டு கால் வைத்த கால்சட்டை மாதிரி இருக்கும். இரண்டு நுனியும் முழுசாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் தாய்க்குக் காய்ச்சலும், குளம்பு வீக்கமும் வரை போகும்.

புதிதாக வளர்ப்பவர்கள் பயப்படும் ஒன்று: பிறந்த குட்டியின் குளம்புக்கு அடியில் வெளுத்த மஞ்சளில் ரப்பர் விரல்கள் மாதிரி தொங்கும். தாயின் கர்ப்பப்பை கிழியாமல் இருக்க இயற்கை போட்டுவிட்ட உறை அது. நடக்க ஆரம்பித்ததும் தேய்ந்து உதிர்ந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது குளம்பே அழுகிப் பிறந்துவிட்டது என்று நான் போன் போட்டுக் கத்தியிருக்கிறேன்.

தொப்புளுக்கு 0.5 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினிக் கரைசல். ஒரு சின்னக் குவளையில் ஊற்றி, அடியிலிருந்து வைத்து முழுசாக முக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை, இரண்டு மூன்று நாள். முன்பெல்லாம் 7 சதவீத அயோடின்தான் வைப்பேன். சுற்றியுள்ள தோல் வெந்து, அந்தப் புண் வழியாகவே கிருமி போகிறது என்று தெரிந்தபின் விட்டுவிட்டேன்.

அப்புறம் காட்டுப்பீ. பிறந்ததும் போகும் கறுத்த, தார் மாதிரியான லத்தி. ஒரு நாளைக்குள் போய், மஞ்சள் நிற லத்தி வந்துவிட வேண்டும். ஆண்குட்டிக்கு இடுப்பெலும்பு ஒடுக்கம், அதனால் அதற்குத்தான் அதிகம் அடைக்கும். வாலைத் தூக்கி, முதுகை வளைத்து முக்கிக்கொண்டே இருந்தால் சும்மா விடாதீர்கள். என்னுடையது காலை எட்டு மணிக்குப் போயாயிற்று. இந்த வயதில் ஒரு மனிதன் இதற்காக இவ்வளவு சந்தோஷப்படுவான் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

பிப்ரவரி 21, இரவு

மூன்று வருடத்துக்கு முந்தைய கதையை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அதுவும் ஆண்குட்டி. நேரத்துக்கு நின்றது. மடிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டே இருந்தது. குடிக்கிறது என்று நானும் படுக்கப் போய்விட்டேன். மறுநாள் பார்த்தால் குட்டியின் நெற்றியில் பால் காய்ந்து வெள்ளைக் கோடாக இருந்தது. அழகாக இருக்கிறதென்று போட்டோ வேறு எடுத்தேன். அதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை. குட்டி குடிக்கவில்லை, மடி நிறைந்து தானாகப் பீய்ச்சிய பால் தலையில் ஊற்றியிருக்கிறது. மடியைத் தொட்டுப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும், கல் மாதிரி இருந்திருக்கும். முதல் வாரக் குட்டி மணிக்கு ஐந்தாறு தடவை குடிக்கும். அதனால் மடி ஒருபோதும் விம்மி நிற்காது. குட்டிக்கு உடம்பு சரியில்லை என்பதைக் குட்டிக்கு முன்னால் தாயின் மடிதான் சொல்லும்.

நாலாம் நாள் பின்னங்கால் மூட்டு வீங்கி நொண்டியது. தாய் மிதித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பி ஒரு நாளைத் தொலைத்தேன். மிதிபடவில்லை. ரத்தத்தில் கிருமி, அது மூட்டில் இறங்கியிருக்கிறது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் அளவு டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் கீழே. மூட்டைக் கழுவி, பிளாஸ்மா (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) ஏற்றி, பிழைத்தது. இன்றும் அந்தக் காலை முழுசாக மடக்காது. பிறந்து சில நாளே ஆன குட்டி நொண்டினால், இல்லை என்று நிரூபணம் ஆகும்வரை அது கிருமித் தொற்றுதான். இதை அன்றைக்கு எனக்கு யாராவது கத்திச் சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 22

பிறந்து 18 மணி நேரம் கழித்து எடுத்த குட்டியின் ரத்தப் பரிசோதனை வந்தது. எதிர்ப்புப் பொருள் டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல். நல்ல அளவு. 400க்கும் 800க்கும் நடுவில் என்றால் அரைகுறை, 400க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைக்கவில்லை.

ஒருவர் சரியாகப் பிடித்தார்: 18 மணி நேரத்துக்குப் பிறகு பார்த்தால் அப்புறம் சீம்பால் கொடுத்து என்ன பயன்? உண்மைதான். குட்டியின் குடல் எதிர்ப்புப் பொருளான அந்தப் பெரிய புரதத்தை அப்படியே ரத்தத்துக்குள் விடுவது முதல் சில மணி நேரம்தான். ஏழெட்டு மணி நேரத்துக்குப் பிறகு வேகமாகக் குறைந்து, ஒரு நாளில் கதவு சாத்திவிடும். கதவு சாத்திய பிறகு பிளாஸ்மா ஒன்றுதான் வழி. அதனால் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலே 8 லிருந்து 12 மணி நேரத்துக்குள் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. அப்போது குறைவாக இருந்தால் சேமித்த சீம்பாலைக் குழாய் வழியாகக் கொடுக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கும். குழாய் போடுவது டாக்டர் வேலை, நாம் செய்தால் நுரையீரலுக்குள் ஊற்றிவிடுவோம்.

சீம்பால் தேறுமா என்று பார்க்கப் பழச்சாற்றின் சர்க்கரை அளக்கும் அந்தச் சின்னக் கருவியே போதும். பிரிக்ஸ் 23க்கு மேல் காட்டினால் நல்ல சீம்பால். கண்ணால் பார்ப்பதானால் தேன் மாதிரி கெட்டியாக, மஞ்சளாக இருக்க வேண்டும்.

மார்ச் 2

ஒன்பதாம் நாள். எதிர்பார்த்தபடியே கழிச்சல்.

தாய் ஈன்ற ஒன்றிரண்டு வாரத்துக்குள் மறுபடி பருவத்துக்கு வரும், அதே சமயம் குட்டிக்கும் கழியும். அதனால் தாய்ப்பால் சூடாகிவிட்டது, பாலை நிறுத்து என்பார்கள். நிறுத்தாதீர்கள். தாயே இல்லாத குட்டிக்கும் இதே வயதில் கழிகிறது, அதற்கு எந்தப் பாலைக் குற்றம் சொல்வது? குடலில் புதிய நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன, அவ்வளவுதான். குட்டி குடிக்கிறது, ஓடுகிறது, சுரம் 38.9 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை என்றால் பின்பக்கத்தைக் கழுவி வாசலின் தடவிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். சோர்ந்து படுத்தாலோ, மடி விம்மினாலோ அது வேறு கழிச்சல். இந்த வயதில் உடம்பில் உள்ள நீர் சில மணி நேரத்தில் போய்விடும்.

தாயின் லத்தியைத் தின்கிறதே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தின்னட்டும். அந்த நுண்ணுயிர்களை அது வாங்குவதே அங்கிருந்துதான்.

பல் முளைத்துவிட்டது. நடுப்பல் எட்டு நாள், அடுத்த ஜோடி எட்டு வாரம், மூலைப்பல் எட்டு மாதம். ஞாபகம் வைத்துக்கொள்ள இதைவிட எளிய கணக்கு குதிரையில் வேறு எதுவும் இல்லை.

மார்ச் 11

தாயை இழந்த குட்டிக்குப் பசும்பால் கொடுக்கலாமா என்ற கேள்வி. முதல் வழி வளர்ப்புத் தாய், இரண்டாவது குதிரைக்குட்டிக்கென்று வரும் பால்மாவு. இரண்டும் கிடைக்காதபோதுதான் பசும்பால். குதிரைப்பாலில் பசும்பாலைவிடக் கொழுப்பும் புரதமும் குறைவு, இனிப்பு அதிகம். அதனால் கொழுப்பை 2 சதவீதமாகக் குறைத்த பாலில் லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை சேர்த்துக் கொடுக்கலாம்.

மார்ச் 11, அரை மணி நேரம் கழித்து

நிறுத்துங்கள். மேலே சர்க்கரை என்று எழுதியது என் தப்பு. டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் பொடி. வீட்டில் காபிக்குப் போடும் சர்க்கரையைப் பிறந்த குட்டியின் குடலால் உடைக்க முடியாது, கழிந்தே ஓய்ந்துவிடும். இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். அவர்களுக்கு நன்றி.

அளவு: நாள் ஒன்றுக்கு உடல் எடையில் 20 லிருந்து 25 சதவீதம். 50 கிலோக் குட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர். முதல் வாரம் இரவு பகல் பாராமல் ஒன்றிரண்டு மணிக்கு ஒரு தடவை. புட்டியைவிட வாளி நல்லது. குட்டியின் தலையை அண்ணாந்து பிடித்துப் புட்டியில் ஊற்றினால் புரையேறி நிமோனியாவில் முடியும்.

வாளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் புட்டியில் வளர்த்த குட்டி என்னைக் குதிரை என்றே நினைத்துவிட்டது. அறுபது கிலோவில் முன்காலைத் தூக்கி என் தோளில் போட்டபோது சிரித்தோம். முந்நூறு கிலோவிலும் அதையே செய்தது. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பார்கள். இது கடிவாளத்தைப் பார்த்தால் என் மேல் ஏறும். தாயில்லாக் குட்டியைச் சீக்கிரமே ஒரு சாதுவான வயசான குதிரையோடு விடுங்கள். நாலு உதை வாங்கினால்தான் மரியாதை வரும், அந்த உதையை நம்மால் கொடுக்க முடியாது.

ஏப்ரல் 28

இரண்டு மாதம் ஆயிற்று. லாடக்காரர் வந்து முதல் தடவையாகக் குளம்பை அரத்தால் தட்டிச் சமன் செய்தார். கால் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தால் இந்த வயதில் கவனித்தால்தான் உண்டு. கீழ் மூட்டின் வளர்ச்சி மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

பூச்சி மருந்தும் இப்போதுதான். குட்டிகளைப் பிடிப்பது பெரிய உருண்டைப் புழு, ஒரு சாணுக்கு மேல் நீளம். ஐவர்மெக்டின் அதனிடம் பல இடங்களில் எடுபடுவதில்லை என்பதால் டாக்டர் பென்பெண்டசோல் எழுதினார். வயிறு பானையாக, ரோமம் பரட்டையாக உள்ள குட்டிக்கு நீங்களாகவே மருந்து ஊற்ற வேண்டாம். செத்த புழுக்கள் மொத்தமாகச் சுருண்டு குடலை அடைத்த கதைகள் உண்டு.

ஜூன் 3

ஆரம்பத்தில் கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். மூட்டைப் பார்த்தாராம். உடுக்கை இல்லையாம், ஆனால் “உடுக்கையாகப் பார்க்கிறது” என்கிறார். தவிட்டை மார்ச்சிலேயே நிறுத்திவிட்டாராம், குட்டி ஏழு மாதத்தில் ஏழு மாதக் குட்டி மாதிரியே இருக்கிறதாம். நல்லது.

அவர் கேட்டது நியாயமானது: எதுவுமே கொடுக்க வேண்டாமா? பிப்ரவரியில் நான் கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. கொடுக்க வேண்டும். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு தாயின் பால் குறையும். பாலில் தாமிரம் எப்போதுமே குறைவு, கருவில் ஈரலில் சேர்த்துவைத்ததைக் கொண்டுதான் குட்டி ஓட்டுகிறது. தாமிரம் பற்றாமல் போனால் மூட்டுக் குருத்தெலும்பு சரியாக உருவாகாது. அதனால் வளரும் குதிரைக்கென்று செய்த, புரதம் 14 லிருந்து 16 சதவீதம் உள்ள, தாது சேர்த்த தீவனம். அளவு, வயது ஒரு மாதத்துக்கு நாளைக்கு அரைக்கிலோவைத் தாண்டாமல். என்னுடைய மூன்றரை மாதக் குட்டிக்கு இப்போது ஒரு கிலோ, இரண்டு வேளையாக. தாய் நுழைய முடியாத அளவுக்குத் தடுப்பு வைத்துக் கொடுக்கிறேன். மூன்றாம் நாளே தாய் தலையை மட்டும் நுழைத்துத் தின்னக் கற்றுக்கொண்டது, இப்போது தடுப்பை ஒரு கழுத்து நீளம் தள்ளி வைத்திருக்கிறேன்.

தினமும் காலையில் சுரம் பார்ப்பதை விடாதீர்கள். ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ரோடோகாக்கஸ் என்ற மண் கிருமி நுரையீரலில் கட்டி கட்டியாகச் சீழ் வைக்கும். குட்டி அப்போதும் ஓடி விளையாடும். இருமல் வரும்போது பாதி நுரையீரல் போயிருக்கும். புழுதி பறக்கும் திடலில் குட்டிகளை நெருக்கி அடைப்பதே இதற்கு அழைப்பு.

ஆகஸ்ட் 9

ஐந்தரை மாதத்தில் பால் மறக்கடித்தோம். முன்பு குட்டியைத் தூக்கி வேறு லாயத்தில் போட்டேன், அது கம்பியைத் தாண்டி மார்பைக் கிழித்துக்கொண்டது. இந்தத் தடவை குட்டி தன் இடத்திலேயே, பழகிய கிழட்டுக் குதிரையோடு. தாய்தான் கனைப்பு கேட்காத தூரத்துக்குப் போனது. முதல் இரவு முழுக்கக் கத்தியது. இரண்டாம் நாள் பாதி. மூன்றாம் நாள் தீவனத் தொட்டியில் தலை.

அக்டோபர் 23

மூலைப்பல் எட்டு மாதத்தில் வரும் என்று மார்ச்சில் எழுதியிருந்தேன். சரியாக வந்துவிட்டது. வாயைத் திறந்து பார்க்கவில்லை, என் சுண்டுவிரலைப் பார்த்துச் சொல்கிறேன்.